சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் மனநிலை குறித்த முன்னாய்வுகளைத் தேடுதல்: உளவியல் தரவுத்தளங்களும் தமிழ் ஆய்வாளரும்

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழிற்பகுதியில் நிகழும் வெடிவிபத்துகள் தொழிலாளர் மனத்தில் விட்டுச்செல்லும் வடுக்களைக் கரிசல் இலக்கியம் வழியாகவும் வாய்மொழி வழக்காறுகள் வழியாகவும் ஆராய முற்படும் தமிழ் ஆய்வாளர், உளவியல் துறையின் முன்னாய்வுகளைத் திரட்ட மின்தரவுத்தளங்களை நாட வேண்டியுள்ளது. அத்தளங்கள் எவ்வாறு கட்டமைக்கப்பட்டுள்ளன, ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் நோய்ப்பெயரும் அவற்றுள் எவ்வாறு உருமாறுகின்றன, 'ஆய்வு இல்லை' என்னும் முடிவுக்கு எப்போது வரலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிவகாசி, பட்டாசுத் தொழிலாளர், மனவடு, தரவுத்தளம், சொல்லடைவு, முன்னாய்வு

'இல்லை' என்னும் விடை

தமிழ் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் 'இத்தலைப்பில் இதுவரை ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை' என்னும் தொடர் ஏறத்தாழ வாய்பாடாகவே இடம்பெற்று வருகிறது. சங்க இலக்கியம் பற்றிய ஆய்வில் இத்தொடர் பொய்த்துப்போனால் இழப்பு ஆய்வாளருக்கு மட்டுமே. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத் தொழிலாளரின் மனநிலையைப் பற்றிய ஆய்வில் அது பொய்த்தால் நிலை வேறு. முன்பே ஒருவர் விபத்தில் கணவரை இழந்த பெண்களிடம் சென்று வினவியிருக்க, அதை அறியாத இன்னொருவர் அதே வீட்டுவாசலில் நின்று அதே வினாக்களை மீண்டும் தொடுப்பார். ஒரு முறை சொல்லவே வலிக்கும் ஒன்றை இரண்டாம் முறையும் சொல்லவைப்பதற்கு ஆய்வாளரின் தேடற்குறையே காரணமாகிவிடும்.

தரவுத்தளத்தில் ஒரு சொல்லை இட்டதும் 'பூச்சியம்' என விடை வருமாயின், அதற்கு மூன்று பொருள்கள் உண்டு. அப்பொருளில் ஆய்வே நிகழாதிருக்கலாம். நிகழ்ந்த ஆய்வு வேறு பெயரில் பதிவாகியிருக்கலாம். அன்றி, அத்தளத்தின் வரம்புக்கு வெளியே உள்ள இதழிலோ ஆய்வேட்டிலோ அது இருக்கலாம். முதற்பொருளை ஏற்குமுன் ஏனைய இரண்டையும் விலக்கிக் காட்டும் கடமை ஆய்வாளருக்கு உரியது. நடைமுறையில் பெரும்பாலோர் முதற்பொருளிலேயே நின்றுவிடுகின்றனர்.

என்ஸ்கெடேயும் முதலிப்பட்டியும்

தேடலைச் சிவகாசியிலிருந்து தொடங்காமல் நெதர்லாந்திலிருந்து தொடங்குவது பயன்தரும். 2000 மே 13 அன்று அந்நாட்டின் என்ஸ்கெடே நகரில் குடியிருப்புகளின் நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்தது. 23 பேர் இறந்தனர். ஏறத்தாழ 950 பேர் காயமுற்றனர். அதன்பின் அந்நகர மக்களின் உடல்நலமும் மனநலமும் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டன. உயிர் பிழைத்தோர், மீட்புப் பணியாளர், அங்குக் குடியேறிய துருக்கியர் எனத் தனித்தனியே ஆய்வுகள் வெளிவந்தன. குடும்ப மருத்துவர்களிடம் இருந்த மின்பதிவுகளில் விபத்துக்கு முந்தைய நிலையும் இருந்தமையால், முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. டென்மார்க்கில் கோல்டிங் நகரை அடுத்த சேஸ்ட் என்னுமிடத்தில் 2004 நவம்பர் 3 அன்று பட்டாசுத் தொழிலகம் தீப்பற்றி வெடித்தபோது தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அந்த ஊர் மக்களின் உளநிலை குறித்தும் ஆஸ்க் எல்க்லிட் உள்ளிட்டோர் ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோருள் அங்கு வேலை செய்தவர்கள் மட்டுமல்லர், புகையைக் கண்டு ஓடிவந்த ஊர்மக்களும் இருந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெருவிபத்து நேர்ந்தது. இவற்றுக்கிடையே நாளிதழின் உட்பக்கத்தில் ஒரு பத்தியளவே இடம்பெற்ற விபத்துகள் பல.

பப்மெட் தளத்தில் ஆங்கிலத்தின் 'ஃபயர்வொர்க்ஸ்', 'டிசாஸ்டர்' என்னும் இரு சொற்களையும் சேர்த்து இட்டால் என்ஸ்கெடே ஆய்வுகள் வரிசையாக எழுந்துவரும். அவை எளிதில் கிடைப்பதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமன்று. அந்நிகழ்வுக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு தேதி உண்டு. அது முடிந்துபோன ஒன்று. ஆய்வாளர் அனைவரும் அதே பெயரைத் தலைப்பில் இட்டனர். சிவகாசிப் பகுதியில் விபத்து ஒரு தனி நிகழ்வாக நிற்பதில்லை. அது திரும்பத்திரும்ப வருவது. சென்ற மாதம் பக்கத்து ஆலையில் உறவினரை இழந்தவர் இந்த மாதம் தம் ஆலையின் மருந்துக் கலவை அறைக்குள் நுழைகிறார்.

இவ்வேறுபாடு தேடுசொல்லைத் தேர்வதில் நேரடியாகத் தாக்கம் செலுத்துகிறது. 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு' என்னும் கருத்தாக்கம் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டு மூன்றாம் பதிப்பில் நிலைபெற்றது. அதில் 'பிந்தைய' என்னும் அடை, அச்சுறுத்தல் முடிந்துவிட்டது எனக் கொள்கிறது. அச்சுறுத்தல் முடியாத வாழ்வைக் குறிக்க, இன ஒதுக்கல் கால தென்னாப்பிரிக்காவில் கில் ஸ்ட்ரேக்கரும் உடன்பணியாற்றியோரும் 1987இல் 'தொடர் அதிர்ச்சி அழுத்தம்' என்னும் பொருள்பட ஒரு சொல்லை முன்வைத்தனர். பட்டாசுத் தொழிலாளர் பற்றித் தேடுவோர் முதற்சொல்லை மட்டும் இட்டுத் திரட்டினால், தம்மை அறியாமலே ஒரு கோட்பாட்டைத் தெரிந்தெடுத்துவிடுகின்றனர். ஆகவே 'கண்டிநியூவஸ்' என்னும் அடையோடு கூடிய சொல்லையும், தொழிலிட இடர் பற்றிய உணர்வைக் குறிக்கும் 'ரிஸ்க் பெர்செப்ஷன்' என்பதையும், துயரம், இழப்பு ஆகியவற்றுக்கான சொற்களையும் உடன் சேர்த்தல் வேண்டும். முதலிப்பட்டியை நோக்க, 'தொழிலாளர்' என்பதோடு 'பார்வையாளர்', 'மீட்போர்' என்பனவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் தேவைப்படுகின்றன.

எண்ணும்மையும் தேடுபொறியும்

ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில் வகுத்த தருக்க முறையே இன்றைய தரவுத்தளங்களின் 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' என்னும் இணைப்புச் சொற்களுக்கு அடிப்படை. தமிழறிந்தோர் இவற்றில் தடுமாறுவதற்கு இலக்கணம் சார்ந்த ஒரு காரணம் உண்டு. 'பட்டாசும் தீப்பெட்டியும் பற்றிய ஆய்வுகள்' என்று கூறுகையில் எண்ணும்மை இரண்டையும் கூட்டுகிறது; பட்டாசு பற்றியவையும் வேண்டும், தீப்பெட்டி பற்றியவையும் வேண்டும் என்பது பொருள். தேடுபொறியில் அவ்விரண்டையும் 'ஆண்ட்' கொண்டு இணைத்தால் இரண்டு சொற்களும் ஒருங்கே வரும் பதிவுகள் மட்டுமே எஞ்சும். எண்ணும்மையின் இடத்தில் அங்கே நிற்க வேண்டியது 'ஆர்'. உம்மை கூட்டும், 'ஆண்ட்' குறைக்கும் என்பதை மனத்திற்கொண்டால் பிழைகளிற் பாதி நீங்கும்.

ஒரே பொருளைச் சுட்டும் பல சொற்களை 'ஆர்' கொண்டு இணைத்து ஒரு தொகுதியாக்கி, வெவ்வேறு பொருள்களின் தொகுதிகளை 'ஆண்ட்' கொண்டு கோப்பதே முறை. தொழில் ஒரு தொகுதி, மனநிலை ஒரு தொகுதி, இடம் ஒரு தொகுதி. 'நாட்' என்பதைப் பெரும்பாலும் தவிர்த்தல் நலம். 'தீபாவளி' என்பதை 'நாட்' இட்டு விலக்கினால் பண்டிகைக் காலக் கண்காயம் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் நீங்கும் என்பது உண்மையே. ஆயின், தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் வேலைச்சுமையைப் பேசும் கட்டுரையும் உடன் நீங்கிவிடும்.

சொல்லடைவின் ஆட்சி

உளவியலுக்கெனவே அமைந்த சைக்இன்ஃபோ, அமெரிக்க உளவியல் சங்கம் 1927இல் தொடங்கிய சுருக்கத்தொகுப்பு இதழின் வழிவந்தது. 1967 முதல் மின்வடிவில் தொகுக்கப்படுகிறது. அதற்கென ஒரு சொல்லடைவு 1974இல் வெளியிடப்பட்டது. மருத்துவத்திற்குரிய பப்மெட், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தால் 1996 முதல் வழங்கப்படுகிறது. அதன் சொல்லடைவு 'மெஷ்' எனப்படும். இவ்விரு தளங்களிலும் ஒரு கட்டுரை எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், அதன் பொருள் சொல்லடைவிலுள்ள ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவரப்படுகிறது. நிகண்டு பல பெயரை ஒரு பொருளின்கீழ்த் திரட்டுவது போன்றதே இது. கட்டுரையாசிரியர் 'பயம்' என எழுதினாலும் 'அச்சம்' என எழுதினாலும் பதிவு ஒரு தலைப்பிற் சேரும்.

மெஷ் சொல்லடைவில் வெடிப்பு, வெடிக்காயம், தீக்காயம், பேரிடர், உயிர்பிழைத்தோர், துயரம், பிரிவுத்துயர் ஆகியவற்றுக்குத் தனித்தலைப்புகள் உண்டு. ஒரு தலைப்பைத் தேர்ந்தால் அதன்கீழ்க் கிளைக்கும் சிறுதலைப்புகளையும் சேர்த்துத் தேடும் வசதியும் உண்டு. தீக்காயம் என்பதைத் தேர்ந்தால் வேதிப்பொருள் தீக்காயம், மின் தீக்காயம் முதலியனவும் உடன்வரும். இவ்வாறு கிளைவிரித்துத் தேடுதலுக்கு நூலகவியலார் இட்ட பெயர் 'எக்ஸ்ப்ளோட்', அதாவது வெடிக்கச்செய்தல். சிவகாசியைப் பற்றித் தேடுவோருக்கு இச்சொல் சற்றே உறுத்தும். பப்மெட்டில் இது தானே நிகழ்கிறது. ஓவிட், எப்ஸ்கோ முதலிய தளங்களில் தேடுவோர் தாமே தெரிவுசெய்ய வேண்டும்.

சொல்லடைவை மட்டும் நம்புதலும் தவறு. தலைப்பிடப்பெறாத புதிய பதிவுகள் அதில் அகப்படா. பழையவற்றிலோ வேறொரு சிக்கல் உண்டு. 1980க்கு முன் இன்றைய நோய்ப்பெயரே இல்லை. 'அதிர்ச்சி நரம்புநோய்', 'குண்டதிர்ச்சி', 1952ஆம் ஆண்டுக் கையேட்டின் 'பெரும் அழுத்த எதிர்வினை' என்னும் பொருள்படும் பெயர்களே வழங்கின. எனவே சொல்லடைவுத் தலைப்பு, தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் இயல்புச்சொல் ஆகிய இரண்டையும் 'ஆர்' கொண்டு இணைத்தே ஒவ்வொரு தொகுதியும் அமைய வேண்டும். ஆங்கில எழுத்துமுறை வேறுபாடும் இங்குக் கருதத்தக்கது. இந்தியக் கட்டுரைகள் பிரித்தானிய முறைப்படி உழைப்பைக் குறிக்கும் 'லேபர்' என்னும் சொல்லில் 'யு' என்னும் எழுத்தை இடுகின்றன. அமெரிக்கச் சொல்லடைவு அதை விடுகிறது. இரண்டு வடிவங்களையும் இடாத தேடல் அரைத்தேடலே.

தீப்பெட்டி படுத்தும் பாடு

தொழிற்பெயர்களைத் தேடுசொல்லாக்குவதில் எழும் இடர்ப்பாடு இப்பகுதிக்கே உரியது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததிலிருந்து தொடங்குவது சிவகாசியின் தொழில் வரலாறு. பட்டாசு அதன் கிளையாகவே வளர்ந்தது. ஆகவே பட்டாசுத் தொழிலாளர் பற்றிய பழைய செய்திகள் தீப்பெட்டித் தொழில் பற்றிய எழுத்துகளிலும் கலந்துள்ளன. தீப்பெட்டிக்குரிய ஆங்கிலச் சொல் 'மேட்ச்'. உளவியல் கட்டுரைகளிலோ இச்சொல் பெரிதும் ஒப்பீட்டுக் குழுவைக் குறிக்கவே வருகிறது. வயதாலும் பாலினத்தாலும் 'பொருத்தப்பட்ட' குழு என்பது ஆய்வு முறையியலின் அன்றாடத் தொடர். உடுக்குறியிட்டு 'மேட்ச்' என்னும் வேரைச் சைக்இன்ஃபோவில் இடுபவர், தீப்பெட்டியோடு தொடர்பே இல்லாத பதிவுகளின் கடலில் விழுவார்.

இதற்கு அண்மைத்தேடலே தீர்வு. இரு சொற்கள் குறிப்பிட்ட தொலைவுக்குள் வரவேண்டும் எனப் பணித்தல் அது. 'மேட்ச்' என்பதற்கு மூன்று சொல் தொலைவுக்குள் ஆலை, தொழில், தொழிலாளர் என்பனவற்றின் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று வரவேண்டும் என வரையறுத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். இதற்கான குறியீடு தளத்துக்குத் தளம் மாறும்: எப்ஸ்கோவில் 'என்3', ஓவிடில் 'ஏடிஜே3', புரோகுவெஸ்டில் 'நியர்/3'. பப்மெட்டில் இவ்வசதி 2022இல்தான் வந்தது. கூகுள் ஸ்காலரில் இல்லை. உடுக்குறி வேர்த்தேடலும் அங்கு இயங்காது. ஒரு தளத்தில் எழுதிய தேடல் வாய்பாட்டை மற்றொன்றில் அப்படியே ஒட்டினால், பிழை என்று சுட்டாமலே அது தவறான விடையைத் தரக்கூடும்.

'ஃபயர்வொர்க்ஸ்' என்னும் சொல்லுக்கும் இரைச்சல் உண்டு. வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் வளர்ப்பு நாய்களின் நடத்தை பற்றிய மேலைநாட்டு ஆய்வுகள், தீபாவளி நாளின் காற்று மாசு அளவீடுகள், கண்காயப் பதிவுகள் ஆகியன முன்வரிசையில் நிற்கும். பட்டாசைச் செய்வோரைவிட வெடிப்போரும், ஏன், அதைக் கேட்டு நடுங்கும் நாயும்கூட ஆய்வுலகின் கவனத்தை மிகுதியும் பெற்றிருப்பதை முதல் பக்க விடைகளே உணர்த்திவிடுகின்றன. இந்திய ஆங்கிலத்தின் 'கிராக்கர்', தொழில்நுட்ப வழக்கான 'பைரோடெக்னிக்' ஆகியவற்றையும் தொழிற்தொகுதியில் சேர்த்து, அதனை ஆலை, உற்பத்தி, தொழிலாளர் என்னும் சொற்களோடு அண்மைத்தேடலால் பிணிப்பதே தக்கது.

ஊர்ப்பெயரின் உருமாற்றம்

இடத்தொகுதியை முதலில் இடுவதே பொதுவான பழக்கம். பட்டாசுப் பகுதியைப் பொறுத்தவரை அதைக் கடைசியில் இடுவதோ விட்டுவிடுவதோ மேல். விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. தொடக்கத்தில் காமராசர் மாவட்டம் எனவும் வழங்கியது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் சிவகாசி 'ராம்நாட்' மாவட்டத்து ஊர். பெயரெழுத்தோ மேலும் அலைக்கழிப்பது. செய்தித்தாள் முறையில் சிவகாசி 'எஸ்' என்னும் எழுத்திலும், சிலபோது 'எஸ்எச்' என்னும் கூட்டெழுத்திலும் தொடங்கும். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் சகரத்துக்குரிய எழுத்து 'சி' (ஆங்கில அகரவரிசையின் மூன்றாம் எழுத்து) ஆகையால், அம்முறையைப் பின்பற்றும் நூலகப் பட்டியல்களில் தமிழ் நூல் தலைப்பிலுள்ள சிவகாசி முற்றிலும் வேறிடத்தில் நிற்கிறது. விருதுநகர் என்பதன் தகரமும் ககரமும் அங்கே வல்லொலி எழுத்துகளாக இருக்க, செய்தித்தாளில் மெல்லோசை எழுத்துகளாக உள்ளன. தமிழிலேயே தேடினும் இராமநாதபுரம், ராமநாதபுரம் என இரண்டு; ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர் என இரண்டு. வெம்பக்கோட்டை என இட்டால் அண்மையில் வெளிவந்த அகழாய்வுச் செய்திகளே முன்வந்து நிற்கும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று. ஆய்வுநெறி கருதி ஊர்ப்பெயரை மறைக்கும் உளவியல், மருத்துவக் கட்டுரைகள் பல. 'தென்தமிழகத்தின் ஒரு மாவட்டம்', 'தென்னிந்திய உயர்சிகிச்சை மருத்துவமனை' என்பனவே அவற்றின் சுருக்கத்தில் காணப்படும். அங்கே சிவகாசி என்னும் சொல் எத்தனை எழுத்துமுறையில் தேடினாலும் கிட்டாது. ஆனால் ஆசிரியரின் பணியிடத்தை மறைக்க இயலாது. பட்டாசு விபத்தில் கடுந்தீக்காயமுற்றோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவது வழக்கம். ஆகவே பணியிடப் புலத்தில் 'மதுரை' என்றிட்டுத் தீக்காயம், மனநிலை என்னும் தொகுதிகளோடு இணைத்தால், ஊர்ப்பெயர் காட்டாத வழி திறக்கும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கப்பட்டமையால், அதற்குப் பிந்தைய பதிவுகளுக்கு 'விருதுநகர்' என்பதையும் அப்புலத்தில் இடலாம்.

தமிழில் தேடுதல்

ஆங்கிலத் தளங்களோடு நின்றுவிட்டால் தமிழ்த்துறை ஆய்வேடுகளும் சமூகவியல் ஆய்வேடுகளும் விடுபடும். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறையை ஒட்டி, காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா, இந்திய ஆய்வேடுகளின் பெருங்களஞ்சியம். விருதுநகர், சிவகாசிக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழக இணைப்பு பெற்றவையாதலால், அங்கு நிகழ்ந்த ஆய்வுகளை அப்பல்கலைக்கழகத் தொகுதியில் காண வேண்டும். தமிழ் ஆய்வேட்டின் தலைப்பு சிலவற்றில் தமிழ் எழுத்திலும், சிலவற்றில் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பிலும், சிலவற்றில் மொழிபெயர்ப்பாகவும் பதிவாகியுள்ளது. மூன்று வடிவத்திலும் தேடுதல் வேண்டும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளின் உள்ளுரை, திரையில் தமிழாகத் தெரியினும் கணினிக்குப் பொருளற்ற குறிகளே. அவற்றில் உட்சொல் தேடல் இயலாது. பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

தமிழின் புணர்ச்சியும் சாரியையும் தேடுபொறிக்குப் பகை. 'பட்டாசுத் தொழிலாளர்' எனப் பிரித்தெழுதுவாரும் 'பட்டாசுத்தொழிலாளர்' எனச் சேர்த்தெழுதுவாரும் உளர். ஒற்றை விடுவாரும் உளர். 'துயரம்' என இட்டுத் தேடினால் 'துயரத்தின்' அகப்படாது. மகர ஈற்றுச் சொற்களை ஈறு நீக்கி, 'துயர', 'அச்ச' என்னும் அளவில் நிறுத்தி, வேர்த்தேடல் உள்ள தளங்களில் உடுக்குறியிடுவது பயன்தரும்.

கலைச்சொல்லாட்சியோ நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் 'மன அழுத்தம்' என்பது ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கும் 'டிப்ரெஷன்' என்பதற்கும் ஒருங்கே ஆளப்படுகிறது. இதனால் 'மன அழுத்தம்' பற்றிய ஓர் ஆய்வேட்டைத் திறந்து பார்க்காமல் அது எதைப் பற்றியது எனக் கூற இயலாது. ஈழத்து எழுத்துகளில் முன்னதற்கு 'நெருக்கீடு' என்னும் சொல் உண்டு. 'ட்ராமா' என்பதற்கு 'மனவடு', 'உளவடு' என்பன வழங்குகின்றன. போர் தந்த உளக்காயங்களை ஆராய்ந்த தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் பரவலாக அறியப்பட்டது. அவரும் யாழ்ப்பாண உளமருத்துவத் துறையினரும் உருவாக்கிய தமிழ்க் கலைச்சொல் மரபு, தமிழ்நாட்டுப் பட்டாசுத் தொழிலாளரின் நிலையை விவரிக்கவும் மிகப் பொருந்துவது. நூலகம் மின்தளத்தில் 'மனவடு', 'நெருக்கீடு', 'உளநலம்' எனத் தேடுவோர், வெடியோசைக்குப் பழகிப்போன வாழ்வைப் பற்றித் தமிழிலேயே எழுதப்பட்டவற்றைக் காண்பர். தமிழகத்துக் கலைச்சொற்களை மட்டும் அறிந்தவருக்கு அக்கதவு திறவாது.

உளவியலுக்கு வெளியே உள்ள உளவியல்

சிவகாசி பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி குழந்தை உழைப்பைப் பற்றியது. ஸ்மிது கோத்தாரி 1983இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரை, சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், 1991இல் மைரன் வீனர் எழுதிய நூல், எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆகியன அவ்வரிசையில் முதன்மையானவை. இவை பொருளியல், அரசியல், சட்டம் என்னும் தலைப்புகளின்கீழ்ப் பகுக்கப்பட்டவை. உளவியல் தளம் இவற்றைக் காட்டாது. எனினும் அக்காலக் குழந்தைகளின் அச்சமும் அயர்வும் பற்றிய நேரடிச் சான்று இவற்றில்தான் இருக்கிறது. அக்குழந்தைகளே இன்று நடுவயதைக் கடந்த தொழிலாளர்.

இத்தகைய எழுத்துகளை எட்டுவதற்குச் சொற்றேடலைவிட மேற்கோள்வழித் தேடலே ஏற்றது. கூகுள் ஸ்காலரில் கோத்தாரி கட்டுரையைக் கண்டு, அதனை மேற்கோள் காட்டியவற்றைத் திறந்தால் நாற்பதாண்டு விவாதம் ஒரே பட்டியலில் விரியும். அப்பட்டியலுக்குள்ளேயே மனநலம் சார்ந்த சொற்களை இட்டு வடிகட்டலாம். கூகுள் ஸ்காலர் எந்தத் தேடலுக்கும் ஆயிரம் விடைகளுக்கு மேல் காட்டாது. ஆகவே பொதுச்சொல் இட்டுப் பல்லாயிரம் விடை எனப் பெருமிதம் கொள்வதில் பயனில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் பார்க்கவே முடியாது.

மானிடவியல் தரும் துணை தமிழ் ஆய்வாளருக்கு இன்னும் நெருக்கமானது. உளத்துன்பத்தை மக்கள் தம் பண்பாட்டு மொழியில் வெளிப்படுத்தும் முறைகளைத் 'துன்ப வழக்குகள்' என்னும் பொருளில் மார்க் நிக்டர் 1981இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட களம் தென்னிந்தியாவே. நெஞ்சு அடைக்கிறது, படபடப்பாக வருகிறது, பயந்த கோளாறு என்றெல்லாம் தொழிலாளர் கூறுவது எந்தச் சொல்லடைவுத் தலைப்பிலும் நேராக அடங்காது. நிக்டரின் கருத்தாக்கத்தைத் தேடுசொல்லாக்கினால் அவற்றை ஆராய்ந்த எழுத்துகளை அணுகலாம். தமிழ் ஒப்பாரிப் பாடல்களையும் இறப்புச் சடங்குகளையும் பற்றி இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலும் இவ்வகையிற் சேரும். பிரிவுத்துயர் என்னும் உளவியல் தலைப்பின்கீழ் மட்டும் தேடுபவர், ஒப்பாரியைப் பற்றித் தமிழ் நாட்டுப்புறவியலார் தொகுத்த பெருஞ்செல்வத்தைத் தாமே கதவடைத்து வெளியே நிறுத்துகிறார். விபத்தில் மகளை இழந்த தாய் தம் துயரத்தை வினாநிரலின் ஐந்துபுள்ளி அளவுகோலில் சொல்வாரா, ஒப்பாரியில் சொல்வாரா என்பது உளவியலார்க்கும் உரிய வினா.

கரிசல் எழுத்தை ஆராய்வோர்க்கும் இது பொருந்தும். மேலாண்மறைநாட்டில் பிறந்த மேலாண்மை பொன்னுச்சாமியின் கதைகளையோ, தீப்பெட்டி ஆலைக் குழந்தைகளை மையமாக்கிப் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' படத்தையோ உளவியல் நோக்கில் அணுகும் கட்டுரைகள், ஃபிராய்டின் பொதுக்கோட்பாடுகளோடு நின்றுவிடுதல் வழக்கமாக உள்ளது. போபால் நச்சுவாயுக் கசிவுக்குப்பின் சேத்தி, சீனிவாச மூர்த்தி முதலியோர் செய்த ஆய்வுகளும், 2004 ஆழிப்பேரலைக்குப்பின் தமிழகக் கடற்கரைக் குழந்தைகளிடம் நிகழ்ந்த ஆய்வுகளும் பப்மெட்டில் கிடைக்கின்றன. இந்தியத் தொழிற்பேரிடரும் தமிழ்க் குழந்தைகளின் மனமும் பற்றி நேரடியாகப் பேசும் இவை, அக்கதைகளை வாசிக்கத் தொலைவிலுள்ள வியன்னாவைவிட அருகில் நிற்பவை.

தேடலைப் பதிவுசெய்தல்

மருத்துவ, உளவியல் துறைகளில் முறைசார் திறனாய்வுக் கட்டுரைகளுக்கு 'பிரிஸ்மா' என்னும் நெறிமுறை 2009 முதல் வழக்கிலுள்ளது. தேடலைப் பதிவதற்கெனவே அதன் விரிவாக்கம் ஒன்று 2021இல் வெளிவந்தது. அதன் முழுமையையும் தமிழ் ஆய்வேட்டிற் புகுத்தத் தேவையில்லை. எந்தத் தளம், எந்த வழங்குதளம் வாயிலாக, எந்த நாளில், எந்த வாய்பாடு, எத்தனை விடை, அவற்றுள் எத்தனை படிக்கப்பட்டன, எவை ஏன் விலக்கப்பட்டன என்னும் விவரங்கள் பின்னிணைப்பில் ஒரு பக்க அட்டவணையாக அமைந்தாலே போதும். தேடல் வாய்பாட்டை உரைநடையில் விவரிக்காமல் தளத்தில் இட்டவாறே எழுத்துமாறாமல் தருதல் முக்கியம். உடுக்குறி ஒன்று விடுபட்டாலும் பின்வருவோர் அதே விடையைப் பெறமாட்டார்.

நெறியாளரும் புறத்தேர்வாளரும் இவ்வட்டவணையைக் கேட்டுப் பெறும் வழக்கம் தமிழ்த்துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. அது இருந்தால், 'ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை' என்னும் தொடருக்கு மாற்றாக, 'சைக்இன்ஃபோ, பப்மெட், சோத்கங்கா, நூலகம் ஆகிய தளங்களில் இன்ன நாளில் இன்ன வாய்பாட்டால் தேடியபோது நேரடியாகப் பொருந்தும் ஆய்வு கிட்டவில்லை. ஊர்ப்பெயர் சுட்டாத தீக்காய ஆய்வுகள் இத்தனை கிட்டின' என எழுத இயலும். ஆய்வேடு முடிவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகுமாதலால் முதலாண்டில் செய்த தேடலை ஒப்படைப்புக்கு முன் ஒருமுறை திரும்பவும் இயக்க வேண்டும். பப்மெட்டில் கணக்கு ஒன்றைத் தொடங்கி வாய்பாட்டைச் சேமித்துவைத்தால், புதிய பதிவுகள் சேரும்போது மின்னஞ்சல் அறிவிப்பு தானே வந்துசேரும். சோத்கங்காவில் ஆய்வேடுகள் பதிவேறுவதற்குக் காலம் பிடிப்பதால், அண்மையில் பட்டம் பெற்ற ஆய்வுகளுக்கு மதுரை, திருநெல்வேலிப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு நேரிற் சென்று ஆய்வேட்டு அடுக்கைப் பார்க்க வேண்டியுள்ளது.